செர்பியர்களின் ‘வூக்’ என்ற பெயருக்கு ஓநாய் என்றா அர்த்தம்? பெற்ற பிள்ளைக்கு அப்படியா பெயர் வைப்பார்கள்?

ஆமாம், ஓநாய்தான். காட்டில் திரிகிற ஓநாய்க்கும் செர்பிய மொழியில் ‘வூக்’ என்றுதான் பெயர். பிள்ளை ஓநாய் மாதிரி வீரனாக வளரட்டும் என்று வைத்த பெயர் என்பார்கள். அப்படி வைத்தவர்களும் இருக்கலாம். ஆனால் அந்தப் பெயரைச் சுமந்த ஒருவரே எழுதி வைத்த காரணம் வேறு.

செர்பிய மொழியறிஞர் வூக் கராஜிச் 1787இல் மேற்கு செர்பியாவில் லோஸ்னிட்சாவுக்குப் பக்கத்தில் உள்ள த்ர்ஷிச் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்போது அது துருக்கிய ஆட்சிக்கு உட்பட்ட பகுதி. அவருக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. 1818இல் அவர் வெளியிட்ட செர்பிய அகராதியில் இந்த வழக்கத்தை விளக்குகிறார்: ஒரு தாய்க்குப் பிள்ளைகள் தங்காவிட்டால், சூனியக்காரிகள் அவற்றைத் தின்றுவிடுகிறார்கள் என்று ஊர் நம்பியது. அடுத்த பிள்ளைக்கு வூக் என்று வைத்தால், ஓநாய் மேல் கைவைக்க அவர்களுக்குத் துணிச்சல் வராதாம். எனக்கும் அதனால்தான் இந்தப் பெயர் வைத்தார்கள் என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறார். அகராதிக்குள் தன் பிறப்புக் கதையை இப்படி ஒரு வரியில் வைத்த அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

என் தாத்தா பெயர் குப்புசாமி. அவருக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகள் போன பிறகு, அவரைக் குப்பையில் போட்டு எடுத்து அந்தப் பெயரை வைத்ததாகப் பாட்டி சொல்வார். நம் பக்கம் பிள்ளையை ஒன்றுக்கும் உதவாததாகக் காட்டி எமன் கண்ணிலிருந்து மறைத்தார்கள். செர்பியத் தாயோ எதிரியைப் பயமுறுத்தப் பார்த்திருக்கிறாள். வழி வேறாக இருந்தாலும் பயம் ஒன்றுதான். அங்கேயே ஷிவ்கோ (உயிருள்ளவன்), ஸ்டான்கோ (நிற்பவன், தங்குபவன்) என்ற பெயர்களும் உண்டு. ‘தங்கவில்லை’ என்று சொல்லிப் பழகிய நமக்கு ஸ்டான்கோவுக்கு விளக்கமே வேண்டாம்.

சொல்லின் வேரையும் சொல்லிவிடுகிறேன். ரஷ்யர்களுக்கு ‘வோல்க்’, போலந்துக்காரர்களுக்கு ‘வில்க்’, செக்கில் உயிரெழுத்தே இல்லாத ‘வ்ல்க்’. செர்பியத்தில் நடுவிலிருந்த ‘ல்’ காலப்போக்கில் ‘உ’வாகக் கரைந்து ‘வூக்’ ஆனது. சமஸ்கிருத ‘விருக’மும் இதே வேரிலிருந்து வந்ததுதான். பாரதத்தில் பீமனுக்கு விருகோதரன், அதாவது ஓநாய் வயிற்றுக்காரன், என்று ஒரு பெயர் உண்டே, அதில் இருப்பது இந்த வூக்கின் உறவுச் சொல்தான்.

பெயர் பழையது. 1371இல் மாரிட்சா ஆற்றங்கரைப் போரில் இறந்த அரசர் வூகாஷின் பெயரிலும் ஓநாய் இருக்கிறது. வூகோவிச், வூச்சிச் என்ற குடும்பப் பெயர்களும் இதிலிருந்து வந்தவை. இன்றும் செர்பியாவில் பையன்களுக்கு வூக் என்று வைக்கிறார்கள்.

கராஜிச்சுக்கு ஒரு கால் சூம்பிப் போனது, கட்டைக்கால் வைத்துத்தான் நடந்தார். ஆனாலும் ஊர் ஊராகப் போய் நாட்டுப்பாடல்களைத் திரட்டினார், பேசுகிறபடியே எழுது என்று செர்பிய எழுத்தைச் சீர்திருத்தினார், 1864இல் வியன்னாவில் இறக்கும்போது வயது 76. பெற்றோர் வேண்டியபடி அவர் தங்கிவிட்டார். ஆனால் அவருக்குப் பிறந்த 13 பிள்ளைகளில் அவருக்குப் பின் மிஞ்சியவர்கள் இரண்டே பேர்.