பத்தாவது லீவில் கல்லூரிக்குப் போகலாமா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம். பள்ளிப் பிள்ளைகளைக் கோடை லீவில் கல்லூரிக்குள்ளேயே வைத்துப் பாடம் நடத்தும் சம்மர் கோர்ஸ்கள். அதனால் வேறு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

வணக்கம் மேடம். மகன் பத்தாவது எழுதி முடித்துவிட்டான். பக்கத்தில் ஓர் இன்ஜினீயரிங் காலேஜில் பத்து நாள் கோர்ஸ், ரோபோட்டிக்ஸ், ஏஐ எல்லாம் சொல்லித் தருவோம், ஹாஸ்டலில் தங்கணும், 18,000 ரூபாய் என்று நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். சான்றிதழ் பின்னால் அட்மிஷனுக்கு உதவுமாம். கட்டலாமா?
– ஒரு அப்பா, பாபநாசம்

சான்றிதழுக்காக என்றால் கட்டாதீர்கள் சார். இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் ப்ளஸ் டூ கணக்குக்கு 100, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் சேர்ந்து 100, ஆக 200க்குத்தான் கட்-ஆஃப் போடுகிறார்கள், அதில் இந்தச் சான்றிதழைச் செருக இடமே கிடையாது. மருத்துவத்துக்கு நீட், திருச்சி என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ., திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட் (CUET) நுழைவுத் தேர்வு. எங்கேயும் கோடையில் என்ன செய்தாய் என்று கேட்க மாட்டார்கள்.

அதற்காக இது வீண் என்று சொல்ல வரவில்லை. பத்தாவது முடிந்த லீவுதான் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற கடைசி நிஜ லீவு. ப்ளஸ் ஒன் முடிந்தால் பல தனியார் பள்ளிகளில் மே மாதமே ப்ளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த லீவில் பையன் ஒரு லேபுக்குள் நுழைந்து, மோட்டாரைத் தானே மாட்டி, அது ஓடாமல் போய், ஏன் ஓடவில்லை என்று ராத்திரி ஹாஸ்டலில் இன்னொரு பையனோடு மல்லுக்கட்டினால் அது நல்ல விஷயம்தான்.

அந்த நோட்டீஸில் இருக்கிற கோர்ஸ் அப்படிப்பட்டதுதானா என்று பாருங்கள். நேரில் போங்கள். பாடம் எடுப்பது அந்தக் கல்லூரிப் பேராசிரியர்களா, வெளியிலிருந்து வரும் ட்ரெயினிங் கம்பெனி ஆட்களா என்று கேளுங்கள், ஏனென்றால் சில இடங்களில் பெயரும் வகுப்பறையும் மட்டும்தான் கல்லூரியுடையது. ஒரு ரோபோ பாகப் பெட்டிக்கு (கிட்) எத்தனை பிள்ளைகள்? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் லேப், எத்தனை மணி நேரம் புரொஜெக்டர்? நாள்வாரியாக டைம்டேபிளை எழுத்தில் கேளுங்கள். கொடுக்க மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம். அப்புறம் ஒன்று, நீங்கள் விவசாயக் குடும்பமா என்று எழுதவில்லை. இருந்தால், ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்தால் குறுவைக்கு உழவு, நாற்று, ஆள் கூலி என்று செலவு வரிசையில் நிற்கும். கடன் வாங்கிக் கட்டுகிற அளவுக்கு இந்த கோர்ஸில் எதுவும் இல்லை. அந்தப் பணத்துக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பே வாங்கிவிடலாம், நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

அக்கா, நான் இந்த வருஷம் ஒன்பதாவது போகிறேன், கணக்கு ரொம்பப் பிடிக்கும். அமெரிக்காவில் இருக்கும் அத்தை பையன் லீவில் யுனிவர்சிட்டியில் படித்து கிரெடிட் வாங்கப் போகிறானாம். நம்ம ஊரில் அப்படி எதுவும் இல்லையா?
– ஒரு மாணவன், கும்பகோணம்

தம்பி, அங்கே கதை வேறு. அங்கே பல பல்கலைக்கழகங்களில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் கோடையில் நிஜமான கல்லூரிப் பாடத்தையே எடுத்து, மார்க்கும் கிரெடிட்டும், அதாவது பின்னால் பட்டப்படிப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் புள்ளியும், வாங்கலாம். ஹார்வர்டில் ஏழு வாரத்துக்கு அப்படி ஒன்று இருக்கிறது, அதே இடத்தில் கிரெடிட் இல்லாத இரண்டு வார கோர்ஸும் இருக்கிறது. அதற்கே பல ஆயிரம் டாலர். காசு கட்டிச் சேர்கிறவை ஒரு ரகம், தேர்வாகிச் சேர்கிறவை இன்னொரு ரகம். 1984 முதல் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. என்கிற கோடைத் திட்டம் இரண்டாவது ரகம், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆறு வாரம் ஆராய்ச்சி, தேர்வானால் கட்டணம் இல்லை. உள்ளே நுழைவதுதான் குதிரைக் கொம்பு. உன் அத்தை பையன் எந்த ரகம் என்று அவனிடமே கேட்டுக்கொள், நான் உங்கள் வீட்டில் சண்டை மூட்ட விரும்பவில்லை.

நமக்கு வருகிறேன். கிரெடிட்டை மறந்துவிடு. இஸ்ரோவின் யுவிகா என்கிற இளம் விஞ்ஞானி பயிற்சி உனக்கென்றே அளந்து தைத்த மாதிரி இருக்கிறது. 2019இல் தொடங்கியது, ஒன்பதாவது படிக்கிறவர்களுக்கு மட்டும், மே மாதம் இரண்டு வாரம், ஸ்ரீஹரிகோட்டா, திருவனந்தபுரம் போன்ற மையங்களில் தங்கவைத்துச் சொல்லித் தருகிறார்கள். பயணம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் செலவு. எட்டாவது மார்க்குக்குத்தான் பாதி வெயிட்டேஜ், கிராமப் பஞ்சாயத்துப் பகுதிப் பள்ளியில் படிப்பவர்களுக்குத் தனியாகக் கூடுதல் சலுகை உண்டு. பிப்ரவரி, மார்ச் வாக்கில் ஆன்லைனில் பதிவு செய்யச் சொல்வார்கள். அடுத்த வருஷம் அதைத் தவறவிட்டால் பத்தாவதில் வாய்ப்பே கிடையாது, காலண்டரில் இப்போதே குறித்து வை.

கணக்குக்கு இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நடக்கும் ப்ராமிஸ் இந்தியா என்கிற கணக்கு முகாமைப் பார். ஆறு வாரம். விண்ணப்பத்தோடு அவர்கள் கொடுக்கும் கணக்குகளை நீயே யோசித்துப் போட்டு அனுப்பணும், முக்கியமாக அதைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். உன் ஊர் அரசுக் கல்லூரியிலேயே ராமானுஜன் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டை விட்டு உதவித்தொகையை இழந்தார், தெரியும்தானே? அவருக்கு இப்படி ஒரு வழி இருந்திருக்கலாம்.

நான் அரசுப் பள்ளியில் ப்ளஸ் ஒன் முடித்திருக்கிறேன். இதெல்லாம் காசு உள்ளவர்களுக்குத்தானே அக்கா?
– ஒரு மாணவி, வேதாரண்யம்

பாதி உண்மை பாப்பா. ஆனால் கல்லூரி வளாகத்தைப் பார்க்க கோர்ஸ்தான் வேண்டும் என்றில்லை. நான் முதல்வன் திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரிக் களப்பயணம் கூட்டிப் போகிறார்கள், ஜூனில் பள்ளி திறந்ததும் உங்கள் ஹெச்.எம்.மிடம் நினைவுபடுத்து. உன் மாவட்டத்திலேயே நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. தஞ்சை தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடிக்கென்றே துறை இருக்கிறது. ஐந்தாறு பேர் சேர்ந்து, ஒரு டீச்சர் துணையோடு, ஹெச்.எம். கடிதம் வாங்கி முன்கூட்டியே அனுப்பிக் கேளுங்கள். ஒரு இடம் முடியாது என்றால் அடுத்த இடம்.

இன்னொன்று, நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நல்ல கோச்சிங் கிடைக்கும் என்று யாராவது சொல்லி ப்ளஸ் டூவுக்குத் தனியார் பள்ளிக்கு மாறிவிடாதே. ஆறாவதிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவத்திலும் இன்ஜினீயரிங்கிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு. எந்த சம்மர் கோர்ஸும் அந்த அளவு உதவாது.

பொண்ணைத் தனியாக ஹாஸ்டலில் பத்து நாள் விடலாமா? பயமாக இருக்கிறது.
– ஒரு அம்மா, மன்னார்குடி

விடலாம்மா, பார்த்துவிட்டு விடுங்கள். மே மாதம் கல்லூரிப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவதால் ஹாஸ்டல் பெரும்பாலும் காலியாக இருக்கும், அதுதான் யோசிக்க வேண்டிய இடம். பெண் வார்டன் ராத்திரி அங்கேயே படுக்கிறாரா, ஒரு அறையில் எத்தனை பேர், தினமும் எப்போது போனில் பேசலாம், உடம்பு சரியில்லை என்றால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார் என்று கேளுங்கள். பாத்ரூம் தாழ்ப்பாளையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், அலுவலகத்தில் சிரித்தால் சிரிக்கட்டும்.