ஃபார்மட் ஸ்பெசிஃபயர் மாற்றத்தை ரிவ்யூ செய்யும்போது எதை முதலில் பார்ப்பது?

சி மொழியின் பிரின்ட்எஃப் பாணி ஃபார்மட் ஸ்பெசிஃபயர்களை, அதாவது ஒரு மதிப்பை எப்படி அச்சடிப்பது என்று சொல்லும் %d போன்ற குறிகளை, படிக்கும் பார்சரில் மாற்றம் செய்திருக்கிறார்கள், டெஸ்ட் எல்லாம் பாஸ், ரிவ்யூவில் இன்னும் என்ன பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் முதலில் பார்ப்பது ஆர்குமென்ட் (ஃபார்மட் சரத்தோடு கொடுக்கும் மதிப்பு) கணக்கை. ஒவ்வொரு ஸ்பெசிஃபயரும் எத்தனை ஆர்குமென்ட் எடுக்கிறது, ஒவ்வொன்றையும் எத்தனை பைட்டாக எடுக்கிறது? இந்தக் கணக்கு தப்பினால் தப்பு செய்த ஸ்பெசிஃபயர் பல நேரம் ஒழுங்காகவே அச்சாகும், அதற்கு அடுத்தது உளறும். டெஸ்ட்டில் ஒரே ஒரு ஸ்பெசிஃபயர்தான் இருக்கிறது என்றால் யாருக்கும் தெரியாது.

இரட்டை எல் மாடிஃபயரையே எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது 8 பைட் முழு எண் வருகிறது என்று சொல்லும் %lld-இன் ll. பார்சர் அதைச் சரியாகப் படித்துவிட்டு, மதிப்பை எடுக்கும் இடத்தில் வெறும் இன்ட்டாக (4 பைட் முழு எண்) எடுக்கிறது என்று வைப்போம். 64 பிட் எக்ஸ்86 லினக்ஸில் முழு எண் ஒவ்வொன்றுக்கும் 8 பைட் இடம் கிடைப்பதால், சின்ன எண்களோடு எழுதிய டெஸ்ட் ஜம்மென்று பாஸ் ஆகும். 32 பிட்டில் 4 பைட்தான் நகரும். மிச்சப் பாதி அடுத்த ஸ்பெசிஃபயர் தலையில் விழும். அதனால் நீள மாடிஃபயர் பக்கம் கை வைத்த வரி இருந்தால், 32 பிட்டில் ஓட்டிப் பார்த்தீர்களா, இன்ட்டின் உச்ச எண்ணான 2147483647-ஐத் தாண்டிய எண் கொடுத்தீர்களா என்று கேட்டுவிடுவேன்.

அடுத்தது *. அச்சின் அகலத்தையோ துல்லியத்தையோ ஃபார்மட் சரத்தில் எழுதாமல் ஆர்குமென்ட்டாகக் கொடுக்க உதவும் குறி இது, அதனால் அதுவும் ஒரு ஆர்குமென்ட்டை விழுங்கும். சி தரநிலைப்படி, அகலம் மைனஸில் வந்தால் இடப்பக்கம் ஒட்டி எழுத வேண்டும். துல்லியம் மைனஸில் வந்தால் அதைக் கொடுக்கவே இல்லை என்று கொள்ள வேண்டும். ‘நிரலைச் சுத்தம் செய்தேன்’ என்று சொல்லி இரண்டையும் ஒரே ஃபங்ஷனில் திணிக்கும் மாற்றங்கள் எனக்கு எப்போதும் சந்தேகம்தான். மைனஸை நீக்கி நேர் எண்ணாக்கும் வரியில் -2147483648 வந்தால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள், 32 பிட் இன்ட்டில் அதன் நேர் எண்ணுக்கு இடமில்லை.

அப்புறம் வழக்கமானவை: சரம் %-லேயே முடிந்தால் லூப் அதைத் தாண்டி ஓடுகிறதா, அகலத்தில் இருபது இலக்கம் வந்தால் அதை எண்ணாக்கும் பெருக்கல் இன்ட்டின் எல்லையைத் தாண்டி வழிகிறதா, இடப்பக்கம் ஒட்டும் - இருக்கும்போது முன்னால் பூஜ்யம் நிரப்பும் 0 ஃபிளாக் ஒதுங்குகிறதா. %n ஸ்பெசிஃபயரைப் புதிதாகச் சேர்த்திருந்தால் காரணம் கேளுங்கள். அது அச்சடிப்பதில்லை, நினைவகத்தில் எழுதுகிறது. ஃபார்மட் சரம் வெளியிலிருந்து வந்தால் நேரடியாகப் பாதுகாப்பு ஓட்டை.

தெரியாத ஸ்பெசிஃபயர் வந்தால் என்ன செய்வது என்பதைத் தரநிலை வரையறுக்கவில்லை. அப்படியே அச்சடிக்கலாம், பிழை என்று நிறுத்தலாம். அப்படியே அச்சடித்தால் ஆர்குமென்ட் நகருமா நகராதா என்பது உங்கள் குழுவின் முடிவு. அந்த முடிவு கமென்ட்டிலும் ஒரு டெஸ்ட்டிலும் இல்லாவிட்டால் நான் அப்ரூவ் கொடுக்க மாட்டேன்.