அந்த மண்ணை வெட்டியது யார்?

கேள்வி: எனக்கு 43 வயது. தஞ்சாவூரில் வேலை. ராத்திரி சாப்பிடவே பத்தரை ஆகிறது. தூக்கமில்லை, மாதக்கணக்கில் நெஞ்செரிச்சல். பஞ்சபூதச் சமநிலை வகுப்புக்குப் போய் செம்புத் தண்ணீர், விளக்குத் தியானம், மூச்சுப் பயிற்சி எல்லாம் செய்கிறேன். ஐந்து பூதத் தலங்களுக்கும் வேனில் போய்வந்தேன். வேலை நெருக்கடியில் பொங்கலுக்குப் பிறகு ஊருக்குத்தான் போக முடியவில்லை. மண் குளியலுக்கு அம்மா திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து வாய்க்கால் வண்டலை பஸ்ஸில் போட்டுவிடுகிறார். அவருக்கு 71, முட்டி வலி வேறு. அடுத்த வாரமும் ஒரு பை சொல்லியிருக்கிறேன். எனக்கு எந்த பூதம் குறைகிறது?

பதில்: தம்பி, பூதக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். சித்த மருத்துவத்தில் காற்றும் ஆகாயமும் வாதம், தீ பித்தம், மண்ணும் நீரும் கபம். உங்களுக்கு எதுவும் குறையவில்லை, தீதான் கூடிப்போயிருக்கிறது. பத்தரைக்குச் சாப்பிட்டுப் படுத்தால் எரியாமல் என்ன செய்யும்? இத்தனை மாதமாக எரிகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள், அரசு ஆஸ்பத்திரியில் சித்தா பிரிவும் இருக்கிறது. செம்புத் தண்ணீரும் விளக்கும் இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் நின்றுவிட்டது அந்த மண் பையில்.

உங்கள் ஊர் கடைமடை. மேட்டூர் வழக்கமாகத் திறப்பதே ஜூன் 12, அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டி உங்கள் வாய்க்காலுக்கு வர இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சித்திரை வெயிலில் வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், மண்வெட்டி போட்டால் ணங்கென்று திரும்பும். கடப்பாரையால் நெம்பி எடுத்து, கட்டி உடைத்து, நத்தை ஓடும் வேரும் பொறுக்கி, சலித்து, பையில் கட்டி, ரோடு வரைக்கும் தூக்கிவந்து, கண்டக்டரிடம் கெஞ்சி சீட்டுக்கு அடியில் வைக்கச் சொல்லி, இவ்வளவையும் அந்த முட்டியை வைத்துக்கொண்டு அவரே செய்கிறாரா, இல்லை கூலி கொடுத்து ஆள் வைத்தாரா? உங்களுக்குத் தெரியாது. கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். வலியை மட்டும் "வேறு" என்று ஒரு சொல்லில் ஒட்டவைத்திருக்கிறீர்கள்.

நாங்களும் சின்ன வயதில் வண்டல் தேய்த்துக் குளித்தவர்கள்தான். ஆனால் வாய்க்காலுக்கு நாங்கள் நடந்து போனோம்.

மண்ணுக்குக் காஞ்சிபுரம், நீருக்குத் திருவானைக்கா, தீக்குத் திருவண்ணாமலை, ஆகாயத்துக்குச் சிதம்பரம், காற்றைத் தேடி ஆந்திரா எல்லை தாண்டி காளஹஸ்தி வரைக்கும் போக லீவு கிடைத்திருக்கிறது. மன்னார்குடி வழியாக ரெண்டு மணி நேர பஸ்ஸில் இருக்கிற வீட்டுக்கு மட்டும் வேலை நெருக்கடியா? பெற்றவளுக்கு வயதானால் பிள்ளை போய்ப் பார்க்க வேண்டும், இதில் எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது. தினமும் போனில் பேசுகிறேன் என்று மறு கடிதம் போடாதீர்கள். என்ன பேசினீர்கள் என்பதுதான் தெரிகிறதே, இன்னொரு பை மண்.

சனிக்கிழமை காலை முதல் பஸ் ஏறுங்கள். அவர் ஏழரைக்குப் போடுகிற ரசம் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு ரேழியில் பாய் விரித்துப் படுங்கள், திங்கள் விடிகாலை கிளம்பினால் ஆபீசுக்கு நேரத்துக்குப் போய்விடலாம். அதற்கு முன்னால் இன்றைக்கே போனைப் போட்டு அந்தப் பை வேண்டாம் என்று சொல்லுங்கள், அவர் ஏற்கெனவே வெட்டி வைத்திருக்கப் போகிறார்.