'விரைவில்' என்று ஒரு பக்கம்

அன்புள்ள ஐயா,

தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். வகுப்புக்கென்று கூகுள் சைட்ஸில் ஒரு தளம் தொடங்கினேன். பாடக் குறிப்புகள், வினாத்தாள்கள், புகைப்படங்கள், சாதனைகள் என்று தலைப்பெல்லாம் போட்டாயிற்று. இரண்டு மாதமாகப் பாதிப் பக்கங்களில் 'விரைவில்' என்றுதான் இருக்கிறது. எதை எழுதுவது, எதை விடுவது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

என் தளத்திலும் முதலில் எட்டுப் பிரிவுகள் இருந்தன. 'பயணம்' என்ற பிரிவு மூன்று வருடம் ஈ ஓட்டியது. அதனால் உங்கள் 'விரைவில்' எனக்கு நன்றாகவே புரிகிறது.

பாடக் குறிப்புகளை விட்டுவிடுங்கள். பாடநூல் முழுவதும் பிடிஎஃப்பாக இலவசமாகக் கிடைக்கிறது, நோட்ஸுக்கு யூடியூப் இருக்கிறது. உங்கள் தளத்துக்குப் பிள்ளைகள் வருவதென்றால், உங்கள் வகுப்பில் எழுந்த கேள்விக்காகத்தான் வருவார்கள்.

நீராவி கண்ணுக்குத் தெரியாது என்று அக்கா மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்ப இட்லிப் பானையைத் திறந்தா வெள்ளையா வருதே, அது என்ன மாமா?" என்றாள். அந்த வெள்ளை, ஆவி குளிர்ந்து திரும்பவும் நுண்ணிய நீர்த்துளிகளானது. கெட்டிலின் மூக்கைத் தள்ளி நின்று பார்த்தால், வாய்க்கும் வெள்ளைப் புகைக்கும் நடுவில் கொஞ்சம் இடம் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். ஆவி இருப்பது அங்கேதான். (கையை நீட்டினால் வெந்துவிடும் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.) திங்கட்கிழமை பானையின் படத்தையும் கேள்வியையும் மட்டும் போடுங்கள். பதில் வியாழக்கிழமை வரட்டும். நடுவில் மூன்று நாள் அடுப்படியில் வாக்குவாதம் நடக்கும்.

ஜூன் முதல் ஏப்ரல் வரை நாட்காட்டியை எடுத்துக் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு முந்தைய இரண்டு வாரம் பழைய வினாக்கள் போதும். தேர்வும் விடுமுறையும் கழித்தால் முப்பது வாரம் தேறும். வாரத்துக்கு ஒன்றாக முப்பது கேள்வி உங்களிடம் இல்லாமலா இருக்கும்?

பெரும்பாலும் வீட்டில் ஒரே போன்தான், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகு, மிச்சமிருக்கும் டேட்டாவில். ஆகவே படங்களைச் சுருக்கிப் போடுங்கள். கையெழுத்தை ஸ்கேன் செய்யாமல், எந்தப் போனிலும் சரியாகத் தெரியும் யூனிகோடு எழுத்தில் தட்டச்சுங்கள். வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பை அப்படியே ஒட்டினால் போனில் கிறுக்கலாகத் தெரியும்.

அப்புறம், 'புகைப்படங்கள்' பக்கத்தை எடுத்துவிடுங்கள். பிள்ளையின் முகம், பள்ளிப் பெயர், வகுப்பு மூன்றும் ஒரே இடத்தில் ஊருக்கெல்லாம் திறந்து கிடக்கக் கூடாது. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. சோதனை செய்யும் கைகள், நோட்டில் வரைந்த படம், இவை போதும். மதிப்பெண் பட்டியலை நினைக்கவே வேண்டாம். 'சாதனைகள்' தலைமை ஆசிரியருக்காக ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இட்லிப் பானையைப் போட்டதும் இணைப்பை அனுப்புங்கள். அக்கா மகளிடம் காட்ட வேண்டும்.