கேளுங்க மக்கா: மழை நாள்ல ஓடுது, வெயில் நாள்ல படுக்குது

கேள்வி: அண்ணே, மார்த்தாண்டத்துல இருந்து எழுதுறேன். குலசேகரத்துல ரப்பர் ஷீட் எடுக்குற கடை ஒண்ணுக்கு சி ஷார்ப்ல பில்லிங் ப்ரோக்ராம் பண்ணி கொடுத்துருக்கேன். தராசு வித்தவங்க கூடவே ஒரு டிஎல்எல் (நம்ம ப்ரோக்ராம் எடுத்து ஓட்டுற ரெடிமேட் கோடு ஃபைல்) தந்தாங்க, சி++ல எழுதுனது, எடை மாறுனா நாம கொடுத்த ஃபங்ஷன அதுவே கூப்பிடும். என் லேப்டாப்புல ஒரு குறையும் இல்ல. கடையில போட்டா ரெண்டு மணி நேரம், சில நாள் மூணு மணி நேரம் ஓடிட்டு பாதி பில்லுல பொசுக்குன்னு மூடிக்குது. எல்லா இடத்துலயும் ட்ரை கேட்ச் (எரர் வந்தா பிடிக்குற கோடு) போட்டாச்சு, ஒண்ணும் சிக்கல. வேடிக்கை என்னன்னா மழை நாள்ல ஒரு தடவ கூட மூடல. முதலாளி கரண்ட் கோளாறுன்னு சொல்லி ஸ்டெபிலைசர் வேற வாங்கிட்டாரு. அவர்கிட்ட என்ன சொல்ல?

பதில்: தம்பி, வேடிக்கைன்னு எழுதிருக்கீங்களே, விஷயமே அதுலதான் இருக்கு. மழையில ஷீட்ட நனைச்சு யாரும் கடைக்கு கொண்டு வர மாட்டாங்க, அன்னைக்கு பில் கம்மி. பில் கம்மின்னா ப்ரோக்ராம் புதுசா மெமரி எடுக்குறது கம்மி, அப்போ கார்பேஜ் கலெக்டருக்கு, அதான் சி ஷார்ப் ஓடுற டாட்நெட்ல வேண்டாத மெமரிய துப்புரவு பண்றவருக்கு, எந்திரிச்சு வரவே வேலை இல்ல. வெயில் அடிச்சா வரிசையா ஆள் வரும், பில்லு மேல பில்லு, கலெக்டர் வந்து யாருக்கும் வேண்டாததெல்லாம் தூத்து வாரும். அதுல உங்க டெலிகேட்டும், அதான் டிஎல்எல் கூப்பிடுறதுக்காக உங்க ஃபங்ஷன சுத்தி வச்ச ஆப்ஜெக்ட்டும், போயிருக்கும். உங்க லேப்டாப்புல அஞ்சு நிமிஷம் பாத்துட்டு ஓகேன்னு மூடிருப்பீங்க, அதுக்குள்ள அது வந்தே இருக்காது.

கோட நீங்க அனுப்பல, இருந்தாலும் ஃபார்ம் லோடுல (திரை திறக்குற நேரம்) டிஎல்எல்லோட ரெஜிஸ்டர் ஃபங்ஷனுக்கு உங்க மெத்தட் பேர நேரா கொடுத்துருப்பீங்கன்னு நெனைக்கேன். நானும் அப்படித்தான் எழுதி ஒரு தடவ ரெண்டு நாள் தூக்கம் கெட்டேன். அப்படி கொடுத்தா கம்பைலர் அந்த இடத்துல ஒரு டெலிகேட்ட உண்டாக்குது, ஓடும்போது டாட்நெட் அதுக்கு ஒரு நேட்டிவ் அட்ரஸ் (டாட்நெட்டுக்கு வெளிய உள்ள கோடு கூப்பிடுற அட்ரஸ்) போட்டு, அந்த அட்ரஸ மட்டும் டிஎல்எல் கையில கொடுக்குது. கால் முடிஞ்சதும் உங்க பக்கத்துல அந்த டெலிகேட்ட பிடிச்சு வச்சுக்க ஒருத்தரும் இல்ல. டிஎல்எல் வச்சுருக்குதேன்னு கேப்பீங்க, ஆனா அந்த பக்கம் என்ன இருக்குன்னு கலெக்டருக்கு கண்ணு தெரியாது. வடசேரி வாடகை வீட்டு அட்ரஸ ஊரெல்லாம் கொடுத்துட்டு சொல்லாம வீட்ட காலி பண்ண கதைதான், தராசு அடுத்த எடைய எடுத்துட்டு போய் அந்த பழைய கதவ தட்டுது.

வைத்தியம் ஒரு வரி. கிளாஸ்ல டெலிகேட் டைப்ல ஒரு ஃபீல்ட் வைங்க, மெத்தட்ட முதல்ல அதுல போடுங்க, ரெஜிஸ்டருக்கு அந்த ஃபீல்ட கொடுங்க. ஃபார்ம் மூடுன பிறகும் தராசு ஓடுற மாதிரி இருந்தா ஸ்டாடிக் ஃபீல்டா (ப்ரோக்ராம் முடியுற வரைக்கும் இருக்குறது) வைங்க. மூடும்போது டிஎல்எல்ல நிறுத்திட்டுதான் ஃபீல்ட விடணும், வரிசை மாறுனா திரும்பவும் அதே எழவுதான். டெலிகேட்ட பின் பண்ணணும்னு, அதான் மெமரில இடம் மாறாம ஆணி அடிக்கணும்னு, சில பேரு சொல்லுவாங்க, கேக்காதீங்க, டெலிகேட் மெமரில இடம் மாறுனாலும் நேட்டிவுக்கு கொடுத்த அந்த சின்ன துண்டு கோடு மாறாது, அது உயிரோட இருந்தா போதும். போதாததுக்கு டெலிகேட்ட பின்டு ஹேண்டில்ல போட்டா எக்செப்ஷன் வேற வரும்.

மாத்துறதுக்கு முன்னாடி இதுதான் காரணமான்னு உறுதி பண்ணிக்கோங்க, இல்லன்னா அடுத்த வெயில் வரைக்கும் காத்து கிடக்கணும். பழைய கோட்லயே ஒரு டைமர் போட்டு 100 மில்லி செகண்டுக்கு ஒரு தடவ ஜிசி கலெக்ட்ட (கார்பேஜ் கலெக்டர கையால எழுப்புற கட்டளை) கூப்பிடுங்க, ரிலீஸ் பில்டுல, டீபக்கர் இல்லாம ஓட விட்டு தராசுல எதையாவது வச்சு வச்சு எடுங்க. மூணு மணி நேரத்துல சாவுறது ஒரு நிமிஷத்துல செத்துச்சுன்னா ஆள் கிடைச்சாச்சு. புது டாட்நெட்னா கலெக்ட் ஆன டெலிகேட்டுக்கு கால்பேக் (டிஎல்எல் நம்ம ஃபங்ஷன திரும்ப கூப்பிடுறது) வந்துச்சுன்னு பச்சையாவே சொல்லிட்டு சாவும், ஈவன்ட் வியூவர்ல பாருங்க. பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க்ல வெறும் ஆக்சஸ் வயலேஷன்தான் (தொடக்கூடாத மெமரிய தொட்ட எரர்) தெரியும். ட்ரை கேட்ச்ல சிக்காததும் இதாலதான், ஃப்ரேம்வொர்க் 4-ல இருந்து அந்த மாதிரி மெமரி கெட்டுப்போன எக்செப்ஷன சாதாரண கேட்ச் பிடிக்காது.

ஒரு நிமிஷத்துல சாவலன்னா காலிங் கன்வென்ஷன (கூப்பிட்ட பிறகு ஸ்டாக்க யாரு சுத்தம் பண்ணணும்ங்கிற ஒப்பந்தம்) பாருங்கன்னு சொல்லுவேன், ஆனா அது உங்க கேஸ் இல்லன்னு தோணுது. 32 பிட்ல டிஎல்எல் சிடெக்ல்னு எதிர்பாக்க, டெலிகேட்ல ஒண்ணும் குறிக்காம விட்டா விண்டோஸ்ல எஸ்டிடிகால்னு போவும், ஸ்டாக் குலையும். ஆனா அது பெரும்பாலும் முதல் ஒண்ணு ரெண்டு கால்லயே பல்ல இளிக்கும், மூணு மணி நேரம் பொறுக்காது. 64 பிட்ல இந்த சண்டையே கிடையாது.

அதைவிட எனக்கு பயம் உங்க கால்பேக்குக்கு உள்ள இருக்குறது. டிஎல்எல் தன்னோட சொந்த த்ரெட்ல (தனியா ஓடுற வேலை வரிசை) இருந்து கூப்பிடலாம், நீங்க அங்க இருந்து நேரா டெக்ஸ்ட்பாக்ஸ தொட்டா எக்செப்ஷன் வரலாம், அது உங்க மெத்தட்ட விட்டு நேட்டிவ் பக்கம் தாண்டுனா ப்ரோக்ராம் அங்கயே காலி. அதனால கால்பேக் முழுசுக்கும் ஒரு ட்ரை கேட்ச், உள்ள எடைய மட்டும் எடுத்து பிகின்இன்வோக்ல (சொல்லிட்டு காத்துருக்காம திரும்புறது) திரைக்கு அனுப்புங்க. இன்வோக் (முடியுற வரைக்கும் காத்துருக்குறது) வேண்டாம். மூடும்போது திரை த்ரெட் தராசு நிக்கட்டும்னு காத்துருக்க, தராசு த்ரெட் திரை வரட்டும்னு காத்துருக்க, ரெண்டும் அப்படியே உக்காந்துரும்.

முதலாளிகிட்ட ஸ்டெபிலைசர் வீண்னு சொல்லாதீங்க. நம்ம மலையோரத்துல இடி இடிக்குற இடிக்கு அது இருக்கட்டும், பில்ல மட்டும் நீங்க சரி பண்ணுங்க.

கேள்வி: தக்கலை பக்கம் காலேஜ்ல படிக்கேன். பைத்தான்ல சிடைப்ஸ் (சி கோட கூப்பிட உதவுற மாட்யூல்) வச்சு சி லைப்ரரிக்கு கால்பேக் கொடுத்தா சில நேரம் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத மெமரிய தொட்டு ப்ரோக்ராம் சாவுறது) வருது. பைத்தான்லயும் இப்படி வருமா?

பதில்: வரும் மக்களே, மேல உள்ள தம்பிக்கு வந்த அதே நோய். சிஃபங்டைப்புல (பைத்தான் ஃபங்ஷன சி கூப்பிடுற மாதிரி மாத்துறது) சுத்துன ஆப்ஜெக்ட்ட நேரா ஆர்க்யுமென்ட்டா கொடுக்காம ஒரு வேரியபிள்ல வைங்க, அந்த வேரியபிளும் ஒரு ஃபங்ஷனுக்குள்ள பொறந்து அங்கயே சாகுறதா இருக்கக்கூடாது, மாட்யூல் லெவல்லயோ செல்ஃப்லயோ இருக்கட்டும். பைத்தான்ல ரெஃபரன்ஸ் எண்ணிக்கை பூஜ்யம் ஆனதுமே போயிரும்ங்கிறதால உங்களுக்கு பெரும்பாலும் மூணு மணி நேரம்லாம் காத்துருக்க வேண்டாம், சட்டுன்னு சாவும், அந்த வகையில நீங்க அதிர்ஷ்டசாலி. ஜாவாவுல ஜேஎன்ஏ (ஜாவால இருந்து சி கோட கூப்பிடுற லைப்ரரி) வச்சு எழுதுற உங்க கூட்டாளி யாராவது இருந்தா அவங்க காதுலயும் போட்டு வைங்க, அங்கயும் இதே கதைதான்.