ஒருக்கா இதைப் பிடி

அன்புள்ள ஐயா,

நான் ஹட்டன் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். வங்கி வேலை இடமாற்றத்தில் திருகோணமலைக்கு வந்து உப்புவெளியில் இருக்கிறோம். மகனுக்குப் பத்து வயது. டச்சு பே கடற்கரையில் பொடியன்கள் தூண்டில் போடுவதைப் பார்த்த நாளிலிருந்து ஒரே பிடிவாதம். அவனுடைய அப்பா கொழும்பிலிருந்து ரொட்டும் (தூண்டில் கோல்) ரீலும் வாங்கிவந்தார். யூடியூபைப் பார்த்து எறிகிறோம். மீனைக் காணோம், நூல் சிக்கெடுப்பதிலேயே பின்னேரம் போய்விடுகிறது. அயலிலுள்ள ஆண்களைக் கேட்டால் தங்களுக்கும் தெரியாது என்கிறார்கள். கடற்கரையில் பிறந்தவர்களுக்கே தெரியாதா? கரையில் தூண்டிலோடு நிற்பவர்கள் எல்லாம் ஆண்கள். நான் போய்க் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

ச., உப்புவெளி

அன்புள்ள ச.,

ரொட்டையும் ரீலையும் கொஞ்ச நாளைக்கு அலுமாரிக்கு மேலே வையுங்கள். கணவர் கோவிக்காமல் இருந்தால் நல்லது. ஒரு கைத்தூண்டில் கட்டிக்கொள்ளுங்கள். தங்கூசி என்கிற நைலோன் நூல் 0.35 மில்லிமீற்றர் கனம் போதும். வெறும் தண்ணீர்ப் போத்தலில் சுற்றி வைக்கலாம். சின்ன ஈயம் ஒன்று. தூண்டில் முள்ளு எத்தனையாம் நம்பர் என்று கடைக்காரர் கேட்பார்; 8 அல்லது 10 என்று சொல்லுங்கள். 10 பெரிதென்று நினைத்துவிட வேண்டாம். நம்பர் கூடக் கூட முள்ளு சிறிதாகும். 1/0, 2/0 என்று எழுதிய பெரிய முள்ளுகளில்தான் கணக்கு மறுபக்கம் திரும்பும்.

ஏன் கைத்தூண்டில் என்றால், விரலுக்காக. நூலைச் சுட்டுவிரலின் மேல் போட்டு, நாடி பார்ப்பதுபோலப் பிடித்திருக்க வேண்டும். சின்ன மீன் கொறிக்கும்போது டிக் டிக் என்று வரும். அதற்கு இழுக்கக் கூடாது. மீன் இரையை வாயில் எடுத்துக்கொண்டு திரும்பும்போது நூல் பாரமாகும். கரைப்பக்கம் திரும்பினால் சட்டென்று தளரும். இரண்டுக்கும் மணிக்கட்டால் ஒரு சுண்டு சுண்ட வேண்டும். இந்த வித்தியாசம் ரொட்டின் நுனியைப் பார்த்துப் பிடிபட மாதக்கணக்காகும். விரலுக்குச் சில பின்னேரங்களில் பிடிபட்டுவிடும். ஒன்று மட்டும்: நூலை விரலிலோ கையிலோ சுற்றிக்கொள்ள மகனை விடாதீர்கள். பெரிய மீன் ஒன்று இழுத்தால் தோலை அறுத்துவிடும்.

முடிச்சை வீட்டிலேயே பழக்குங்கள். நூலை முள்ளின் கண்ணுக்குள்ளால் விட்டு, தன்மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றி, நுனியைக் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன வளையத்துக்குள்ளால் எடுங்கள். அப்போது பெரிய வளையம் ஒன்று உண்டாகும். அதற்குள்ளாலும் நுனியை விட்டு, எச்சில் தொட்டு நனைத்து, மெதுவாக இறுக்குங்கள். காய்ந்த நூலை இறுக்கினால் உரசிச் சூடாகி அந்த இடத்திலேயே பலம் போய்விடும். மீன் அறுத்துக்கொண்டு போனது என்று சொல்லப்படும் கதைகளில் பாதி, எச்சில் தொடாத முடிச்சின் கதைதான்.

இரைக்குப் பச்சை இறால். ஓட்டைக் கழற்றி, சுண்டுவிரல் நகமளவு துண்டாக வெட்டி, முள்ளின் வளைவோடு வளைத்து ஏற்றி, முனை மட்டும் வெளியே தெரிய விடுங்கள். பெரிய துண்டு போட்டால் பெரிய மீன் வரும் என்று மகன் சொல்வான். எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். சின்ன மீன்கள் கூடிக் கொறித்து வெறும் முள்ளைத் திருப்பி அனுப்பும்.

உங்கள் வீடியோக்காரர்கள் பிடிக்கும் பாரை மீன் பொய்யில்லை. இங்கே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கொட்டியாரக்குடாவுக்குள்ளிருந்தே தொடங்கி ஆழத்துக்கு இறங்குகிறது. அதனால் பெரிய மீனும் திமிங்கிலமும் மற்ற ஊர்களைவிடக் கரைக்குக் கிட்ட வரும். ஆனால் அவர்கள் படகில் போய்ப் பிடிக்கிறார்கள். உங்களுக்குக் கரையில் கிளக்கன், ஓரா என்ற மீன்கள் இருக்கின்றன.

இனி நீங்கள் கேட்ட மற்றது: கடற்கரையில் பிறந்தவர்களுக்கே தெரியாதா?

தூண்டிலை இங்கே யாரும் பாடமாகப் படித்ததில்லை. ஒரு அண்ணன் நாலு நூல் போட்டுக்கொண்டு நிற்பார். தேத்தண்ணிக்குப் போகும்போது பக்கத்தில் வாய் பார்த்துக்கொண்டு நிற்கும் பொடியனிடம், "டேய், ஒருக்கா இதைப் பிடி" என்று ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் திரும்பி வருவதற்குள் ஏதாவது கொத்தினால் பொடியன் கெட்டான். அடுத்த நாள் ரியூசன் கட்.

உங்கள் அயலவர்கள் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களாக இருக்க வேண்டும். "ஒருக்கா இதைப் பிடி" என்று சொல்ல ஆளில்லாத காலத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். போர்க்காலத்தில் கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு, நேரக் கட்டுப்பாடு, இரவில் தடை. தொழிலுக்குப் போகிறவர்களுக்கே அந்தக் கதி என்றால், பொழுதுபடும் நேரத்தில் கரையில் நூல் பிடித்து நிற்க எந்தத் தாய் பிள்ளையை விடுவாள்? அதற்கிடையில் 2004 மார்கழியில் சுனாமி. கால் நனைப்பதற்கே பிள்ளைகளைக் கடல் பக்கம் விடாத வீடுகள் எனக்குத் தெரியும். 2009க்குப் பிறகு கரைக்கு வந்த பொடியன்களுக்கு அப்பாவிடம் கேட்க எதுவும் இருக்கவில்லை. தொழில் குடும்பத்துப் பொடியன்கள் மற்றவர்களுக்குப் பழக்கினார்கள். டச்சு பேயில் நீங்கள் பார்த்தவர்கள் அந்த வழியில் வந்தவர்களாக இருக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது, எழுதினால் சிலருக்குக் கசக்கும். உத்தியோக வீடுகளில் தினமும் மீன் வேண்டும், மீன் பிடிக்கிற பிள்ளை மட்டும் வேண்டாம். அது இன்ன சாதிக்காரரின் தொழில் என்ற நினைப்பு இன்னும் சாகவில்லை. அதே வீட்டுப் பிள்ளை கனடாவுக்குப் போய், லைசென்ஸ் எடுத்து, ஏரிக்கரையில் மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் போட்டால் குடும்பமே லைக் போடுகிறது.

நீங்கள் பெண் என்ற தயக்கமும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. களப்புகளில் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறாலும் மட்டியும் எடுக்கிறார்கள். ஊர் ஒன்றும் சொல்வதில்லை, வயிற்றுப்பாடு என்பதால். பொழுதுபோக்கு என்றவுடன்தான் கண்கள் திரும்புகின்றன. திரும்பட்டும். கரையில் நிற்கிற பொடியனிடம் "சொல்லித் தா" என்று கேட்காதீர்கள், வெட்கப்படுவான். "தம்பி, இறால் எங்க வாங்கினது?" என்று கேளுங்கள். பதில் சொல்லிக்கொண்டே உங்கள் முள்ளைப் பார்ப்பான். "அக்கா, இது பெரிசு" என்பான். பிறகு நீங்கள் கேட்கத் தேவையில்லை.

விடியவோ பொழுதுபடவோ போங்கள். இங்கே கடல் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவுதான். என்றாலும் தண்ணீர் அசைகிற நேரம் மீன் தீனிக்கு வரும். கிண்ணியாப் பாலத்தடியில் இதை நன்றாகப் பார்க்கலாம், தம்பலகாமக் குடாவுக்குள் தண்ணீர் போவதும் வருவதும் அந்த வழியால்தான். ஆனால் இழுப்புக் கூடிய இடம், மகனை அங்கே கொண்டுபோக வேண்டாம். வாடைக்காற்று தொடங்கி வெளிக்கரையில் அலை எழும்பினால் உட்துறைமுகப் பக்கம் ஒதுக்கமாக இருக்கும். கடற்படையின் பலகை இருக்கும் இடங்களில் கால் வைக்காதீர்கள்.

ஓராவின் முதுகிலும் அடிவயிற்றிலும் இருக்கும் முட்களில் நஞ்சு உண்டு. கெளிறின் முட்களும் நஞ்சுதான். துணியால் பொத்திப் பிடித்து, குறட்டால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீருக்குள் கையை வைத்திருந்தால் கடுப்பு இறங்கும். வீக்கமோ மயக்கமோ வந்தால் ஆஸ்பத்திரிதான். ஊதிப் பந்தாகும் பேத்தையை மகன் வீட்டுக்குக் கொண்டுவர ஆசைப்படுவான். அதைக் கடலிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். சமைத்தாலும் அதன் நஞ்சு போகாது.

ரீலில் சிக்கு வருவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். நூலை விளிம்பு வரை நிரப்பியிருப்பீர்கள். இரண்டு மூன்று மில்லிமீற்றர் குறைத்துச் சுற்றுங்கள். எறிந்த பிறகு கைபிடியைச் சுற்றியே கம்பி வளையத்தை மூடியிருப்பீர்கள். அதைக் கையால் மூடி, நூலை ஒருமுறை இறுக்கிவிட்டுச் சுற்றுங்கள். அலுமாரியிலிருந்து இறக்கும் நாளுக்கு இது.

புறாத்தீவுக்குப் போனால் தூண்டிலை வீட்டில் வையுங்கள். அது 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே கண்ணாடி போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் மீனைப் பார்க்கலாம், பிடிக்க முடியாது. அதை மகனுக்குப் படகில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.