கெளம்புறதுக்கு முன்னாடி அந்த ஓடிபி விஷயத்த முடிச்சிட்டு வாங்க தம்பி

தம்பி, குடியாத்தத்துல இருந்து அடுத்த மாசம் ஜெர்மனி கெளம்புறேன், ஜிமெயில், பேங்க், ஆதார் எல்லாம் காலேஜ் டைம்ல வாங்கின ஒரே நம்பர்ல மாட்டிகினு கெடக்கு, பேசாம எல்லாத்தையும் விட்டுட்டு புதுசா ஆரம்பிக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. நான் ஆற்காடு, இங்க ஜெர்மனில ஸ்டுட்கார்ட்ல ஒம்போது வருஷமா இருக்கேன். புது மெயில் ஐடி எல்லாம் வேணாம், பழசே இருக்கட்டும். ஆனா அந்த சிம்மை மட்டும் வீட்ல குடுத்துட்டு வராதீங்க.

நான் குடுத்துட்டு வந்தேன். அப்பாவோட பட்டன் போன்ல போட்டு, ஓடிபி வந்தா படிச்சு சொல்லுப்பான்னு சொல்லிட்டு வந்துட்டேன். இங்க காலைல எட்டு மணின்னா அங்க பதினொன்றரை, கத்திரி வெயில்ல மார்க்கெட்ல நின்னுகினு இருப்பாரு, கண்ணாடி இருக்காது, போன தூர நீட்டிப் புடிச்சு "நாலு, ஏழு... இது ஒண்ணா ஏழா தெரிலடா"ம்பாரு, அதுக்குள்ள டைம் முடிஞ்சிடும். அது கூட பரவால்ல. ரெண்டு வருஷம் இப்படி படிச்சு படிச்சு, போன்ல யாராவது கேட்டா நம்பர சொல்றது அவருக்கு பழக்கமாயிடுச்சு. ஒருநாள் எவனோ மரியாதையா பேசி, ஐயா உங்க பையன் அக்கவுண்ட் பிளாக் ஆவப்போவுது, மெசேஜ்ல வந்த நம்பர சொல்லுங்கன்னான், சொல்லிட்டாரு. 18,000 ரூபா போச்சு. உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930-க்கு அடிச்சு புகார் குடுக்கணும்னே எங்களுக்கு மூணு நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது. "நீதான் கேக்க சொல்லிருப்பேன்னு நெனச்சேன் கண்ணு"ன்னாரு. அவர் மேல ஒரு தப்பும் இல்ல, பழக்கி விட்டது நான்.

அதனால சிம் உங்க போன்லயே இருக்கட்டும், இங்க வாங்குற நம்பர ரெண்டாவது சிம்மா போட்டுக்கோங்க. கெளம்புறதுக்கு முன்னாடியே இன்டர்நேஷனல் ரோமிங் ஆன் பண்ணிடுங்க, அந்த சிம்ல டேட்டாவ ஆஃப் பண்ணி வைங்க, மெசேஜ் வர்றதுக்கு பொதுவா காசு புடிக்க மாட்டாங்க. ரீசார்ஜ் விட்டுடாதீங்க, 90 நாள் சும்மா கெடந்தா கனெக்ஷன் போகலாம், அப்புறம் அந்த நம்பர் வேற யாருக்கோ போயிடும், உங்க ஓடிபியும் கூடவே போவும். ஜிமெயிலுக்கு ஆத்தென்டிகேட்டர் ஆப் போட்டுக்கோங்க, மெசேஜ் இல்லாமலே போன்லயே கோடு காட்டும், கூகுள் குடுக்குற பத்து பேக்கப் கோடையும் பேப்பர்ல எழுதி பாஸ்போர்ட் கவர்ல வைங்க, போன் தொலைஞ்சா அதான் கை குடுக்கும். சேவிங்ஸ் அக்கவுண்ட்ட என்ஆர்ஓவா, அதாவது வெளிநாட்டுல இருக்குறவங்க ஊர்ப் பணத்துக்கு வச்சிக்கிற அக்கவுண்ட்டா மாத்தணும், அது சட்டம், ஊர்ல இருக்கும்போதே என்னென்ன பேப்பர் வேணும்னு கேட்டு வச்சிக்கோங்க.

இன்னொண்ணு பேரு. நம்மாளுங்களுக்கு இனிஷியல்தான, பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா சர்நேமா இருக்கும், பேங்க்ல வெறும் எழுத்து, மார்க்ஷீட்ல முன்னாடி, ஆதார்ல பின்னாடி. எனக்கு ஊர் பேரே ஒத்து வரல, பர்த் சர்டிபிகேட்ல வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், பாஸ்போர்ட்ல வேலூர், 2019-ல பிரிச்சப்புறம் வீட்டு அட்ரஸ் ராணிப்பேட்டை. மூணும் ஒரே எடம்தான்னு இங்க ஒரு அம்மாவுக்கு மேப் காட்டி புரிய வச்சேன். குடியாத்தம் வேலூர்லயே இருக்கு, உங்களுக்கு அந்த வேலை கொஞ்சம் கம்மி. ஆனா இனி தொறக்குற எல்லா அக்கவுண்ட்லயும் பாஸ்போர்ட்ல இருக்குற அதே ஸ்பெல்லிங்தான், ஒரு எழுத்து மாத்தாதீங்க.

இங்க வீடு மாறின ரெண்டு வாரத்துல அட்ரஸ் பதியணும், அதுக்கப்புறம் டாக்ஸ் நம்பர் தபால்லதான் வரும், நெறைய பேங்க்ல பின் நம்பரும் அப்படித்தான். லெட்டர் பாக்ஸ்ல உங்க பேர் ஒட்டலன்னா போஸ்ட்மேன் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவாரு. சாவி வாங்கின அன்னிக்கே பாஸ்போர்ட்ட பாத்து எழுதி ஒட்டிடுங்க.